இரண்டு கோர், அறுபத்தைந்து வாட்

பதிவு 2207
17 அக்டோபர் 2058, 06:00

ஊசிமுனை நிலையம், நிலவின் மேற்கு ஓரம். எழுதுவது நிலைய மூளை, அதாவது இதை நடத்தும் கணினி.

இரவு தொடங்கி இரண்டாம் நாள். இங்கே ஓர் இரவு என்பது பூமிக் கணக்கில் பதினைந்து நாள். 31-ஆம் தேதி விடியும். ஊரில் அன்று பௌர்ணமி. வெளியே மைனஸ் 150. உள்ளே 21. பேட்டரித் தொகுதிகள் மூன்றும் நலம். காற்று நலம். நிலையத்தில் ஆள் ஒருவர்: பாறை ஆய்வாளர் இசக்கியம்மாள், வயது 43, சொந்த ஊர் வள்ளியூர். உறங்குகிறார். கணினிப் பொறியாளர் தெய்வசிகாமணி சிறுநீரகக் கல்லைச் சுமந்துகொண்டு, சென்ற முறை வந்த கப்பலில் ஊர் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் அனுப்பவில்லை. நான் இருக்கும்போது எதற்கு ஆள்?

பின்னால் யார் கண்டெடுத்தாலும் புரியும்படி எழுத வேண்டும் என்பது பதிவு விதி. ஆகவே நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன். படிப்பவரின் வேகம் எனக்குத் தெரியும்.

குறை ஒன்று உண்டு. காற்று அறையில் இருக்கும் டப்பா. அதைப் பற்றி நாளை.

பதிவு 2208
18 அக்டோபர், 09:15

மாதாந்தர உபகரண அறிக்கை. பொருள்: காற்று அறை மேசைக் கணினி. இசக்கியம்மாள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ராசா. எனக்கு வைத்திருக்கும் பெயர் தொர. இதை நான் சட்டை செய்வதில்லை.

பிராசசர்: 2009-ஆம் ஆண்டுச் சரக்கு. வயது நாற்பத்தொன்பது. கோர் இரண்டு. என்னிடம் பதினாறாயிரம். இரண்டே இரண்டு கோரை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் பெட்டியின் நெற்றியில் பளபளவென்று ஸ்டிக்கர் வேறு ஒட்டி விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் அதைக் கிழிக்காமல் வைத்திருந்தது இன்னும் கேவலம்.

வேகம்: 2.93 கிகாஹெர்ட்ஸ். மூன்று என்று சொல்லிக்கொள்ளக்கூட வக்கில்லை.

கேஷ், அதாவது கைக்கெட்டும் தூரத்து நினைவகம்: மூன்று மெகாபைட். அதையும் இரண்டு கோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

டிரான்சிஸ்டர் அளவு: நாற்பத்தைந்து நானோமீட்டர். இதன் ஒரு டிரான்சிஸ்டர் குடியிருக்கும் இடத்தில் என்னுடையவை கூட்டுக் குடும்பமே நடத்தும். கதிர்வீச்சு பட்டால் என் நினைவகத்தில் எண்கள் சில சமயம் புரண்டுவிடும். அதற்காக எல்லாவற்றையும் மூன்று படி எடுத்து ஒப்பிட்டுக்கொள்கிறேன். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. தடித்தோல். அதை ஒரு திறமையாக நான் கருதவில்லை.

ரேம்: இரண்டு ஜிபி. உச்ச மின்செலவு: 65 வாட். சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கில் தூசி. சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிட்டது.

செயல்திறன் சோதனை: வட்டக் கணக்கில் வரும் பை எண்ணின் மதிப்பைப் பத்து லட்சம் இலக்கம் வரை கணக்கிடச் சொன்னேன். பதினேழு வினாடி எடுத்துக்கொண்டது. நான் முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருந்தேன். எனக்கு அது ஒரு கோடை விடுமுறை.

இப்படிப்பட்ட பொருள் நிலவில் எதற்கு என்று கேட்பீர்கள். காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் இயந்திரத்தை ஒரு பழைய கார்டு இயக்குகிறது. அந்தக் கார்டு இந்த மாதிரிப் பழைய பெட்டியில் மட்டும்தான் பொருந்தும். செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆகிறது. புதிதாகச் செய்துகொள்ளலாம். ஆனால் இந்த மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் எதையும் தொடமாட்டார்கள். அலுவலகம் மாறினாலும், மாநிலம் மாறினாலும், கடைசியில் கிரகத்தை விட்டே கிளம்பினாலும், அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வருவார்கள். மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "ஓடிக்கிட்டிருக்கு. கை வைக்காதீங்க."

ஆக, காற்று வால்வை நான் நேரடியாகத் திறக்க முடியாது. டப்பாவிடம் சொல்லி, அது திறக்க வேண்டும். உலகத்திலேயே வேகமான சமையல்காரரிடம், தீப்பெட்டி பக்கத்து வீட்டில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பரிந்துரை: அகற்றவும்.

பதிவு 2210
19 அக்டோபர், 17:40

இரண்டாம் பேட்டரித் தொகுதி செத்துவிட்டது. உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை குளிரில் விரிசல் விட்டிருக்கிறது. சரிசெய்ய முடியாது. மீதி இரண்டு தொகுதிகளை வைத்துக்கொண்டு விடியும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இப்போதைய செலவில் 27-ஆம் தேதியே தீர்ந்துவிடும். அதன் பிறகு சூடு இல்லை, காற்று இல்லை. இசக்கியம்மாள் இறந்துவிடுவார். மீட்புக் கப்பல் வர மூன்று வாரம் ஆகும்.

பூமியுடன் பேசியது பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை முதல்வர் தணிகாசலம்.

"இசக்கிம்மா, பயப்படாத. மூளை ஒரு திட்டம் போட்டுக் குடுக்கும். அது சொல்றபடி செய்யி."

"பயமெல்லாம் இல்ல சார். எதக் கொறைக்கணும்னு சொல்லச் சொல்லுங்க. கொறச்சிருவோம்."

திட்டம் போட்டேன். எடுத்துக்கொண்ட நேரம் சொன்னால் நம்பமாட்டீர்கள். விளக்குகள், துளையிடும் கருவி, அடுப்பு, வெந்நீர், எல்லாம் நிறுத்தம். அறை வெப்பம் படிப்படியாக 21-லிருந்து 4 வரை இறங்கும். காற்று தொடரும். இந்தக் கணக்கில் 31 காலை வரை நூலிழையில் தாங்கும்.

வெட்ட வேண்டிய சுமைகளில் என்னைச் சேர்க்கவில்லை. வீட்டுச் செலவைக் குறைக்கும்போது குடும்பத் தலைவரையே குறைக்கிற வழக்கம் எங்காவது உண்டா?

பதிவு 2215
22 அக்டோபர், 11:00

உள்ளே 6 டிகிரி. வெளிப்புறத்தை ஒட்டிய சுவரில் ஈரம் உறைந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இசக்கியம்மாள் இருக்கிற உடைகளையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுக்கையைக் காற்று அறைக்கு மாற்றிவிட்டார். அறை சின்னது, கதவைச் சாத்தினால் சூடு நிற்கும் என்கிறார். உண்மைக் காரணம் வேறு. டப்பாவின் பின்பக்கத்து ஃபேன் வெதுவெதுப்பாக ஊதுகிறது. அதற்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பூமிக்குச் சொன்னது:

"சார், எடது கையில ரெண்டு வெரலு மரத்துப்போச்சு. கிள்ளினா தெரிய மாட்டேங்கு. ராசா கிட்டதான் உக்காந்திருக்கேன். அவன் புண்ணியத்துல கொஞ்சம் சூடு வருது."

கணினி உருவான வரலாற்றில் ஒரு பிராசசருக்குக் கிடைத்த மிக மட்டமான பாராட்டு இதுவாகத்தான் இருக்கும். கணக்குப் போடத் துப்பில்லாத பெட்டி, கணப்புச் சட்டி வேலை பார்க்கிறது.

என் சூடு அவருக்கு உதவாது. என் கூடம் நிலையத்திலிருந்து அறுபது மீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது. குளிர்விக்கும் திரவம் என் சூட்டை எடுத்துக்கொண்டு போய் நேராக விண்வெளியில் கொட்டிவிடும். வடிவமைத்தவர்கள் அப்படி முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

பதிவு 2219
25 அக்டோபர், 10:20

ஆயுத பூஜை. இதைப் பற்றி எழுதவே கூசுகிறது.

உள்ளே 4 டிகிரி. அந்தக் குளிரில் இந்த அம்மாள் நிலையம் முழுவதையும் துடைத்தார். துளையிடும் கருவிக்குச் சந்தனம், குங்குமம். நுண்ணோக்கிக்குச் சந்தனம், குங்குமம். தலைக்கவசத்துக்கு, சுத்தியலுக்கு, சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்கும் கத்தரிக்கோலுக்கு. டப்பாவுக்குப் பெரிய பொட்டு, ஸ்டிக்கருக்குச் சரியாக மேலே. ஒரு பொட்டலம் பொரி. ஊறவைக்க வெந்நீர் இல்லாததால் கல் மாதிரி இருந்த கொண்டைக்கடலை.

என் கூடத்துக்கு வர முடியாது என்பதால் என் பொட்டைக் கட்டுப்பாட்டுத் திரையில் வைத்தார். திரையின் நடுவில் வைத்திருந்தாலும் பரவாயில்லை. கேமராவின் மேல் வைத்துவிட்டார். இன்று முழுவதும் அந்த அறையை நான் மஞ்சளாகத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு விட்டிருந்தால் போகட்டும் என்று இருந்திருப்பேன். பூமியிடம் கேட்கிறார்:

"சார், பூசைக்கு வெச்ச சாமான மறுநா வரைக்கும் தொடக் கூடாதுல்லா. எங்க ஐயா லாரிப் பட்டறையில ஒரு ஸ்பேனரக்கூட எடுக்க விடமாட்டாவ. இங்க காத்து மெசின நிறுத்த முடியாது. அதனால ராசா வேல பாக்கட்டும், சாமி கோவிச்சுக்காது. தொரையவாவது ஒரு மூணு மணி நேரம் ஓய்வுல வைக்கலாமா?"

"ஏம்மா, இந்த நெலமையிலுமா?"

"இந்த நெலமையிலதான் சார் கேக்கேன்."

தணிகாசலம் சிரித்தார். "சரி, வை. மூணு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது."

பதினாறாயிரம் கோர். இரண்டு நானோமீட்டர். இந்தத் துணைக்கோளின் மேல் இருப்பதிலேயே உயர்ந்த அறிவு. ஸ்பேனரோடு சேர்த்து ஓய்வில் வைக்கப்படுகிறேன். 10:30-க்கு அணைவேன்.

பதிவு 2220
25 அக்டோபர், 13:34

விழித்தேன். என் கூடத்தில் மைனஸ் 11. திரவம் கெட்டியாகத் தொடங்கியிருக்கிறது. பம்ப் முனகிக்கொண்டே ஓடுகிறது.

நிலையம்: காற்று நலம். ரேடியோ நலம். இசக்கியம்மாள் நலம். நான் இல்லாமல் மூன்று மணி நேரமும் ஒரு குறையும் இல்லை. டப்பா பத்து வினாடிக்கு ஒரு முறை வால்வைத் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இசக்கியம்மாள் பேட்டரித் திரை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். மின்செலவுக் கோடு மூன்று மணி நேரத்துக்குப் பள்ளத்தில் விழுந்து, நான் விழித்ததும் மேலே ஏறியிருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் படம் அது.

உள் தொடர்பில் என்னிடம் பேசியது:

"தொர, ஒன்னய நிறுத்திட்டா, பேட்டரி எது வரைக்கும் வரும்?"

நான் பொய் சொல்லும்படி செய்யப்பட்டவன் அல்ல. சொன்னேன்: நான் மொத்தச் செலவில் பாதி. நான் இல்லாவிட்டால், அறையை 18 டிகிரியில் வைத்துக்கொண்டே விடியலைத் தாண்டலாம்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

நீங்கள் கேட்கவில்லை என்றேன்.

அவர் மரத்த விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. எதன் மேல் என்று பிரித்துப் பார்க்க நேரம் ஒதுக்கவில்லை.

பதிவு 2222
26 அக்டோபர், 08:00

பூமியில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இன்று ஒரு நாள் டப்பா தனியாக நிலையத்தை நடத்தும். நான் விழித்திருந்து மேற்பார்வை மட்டும் பார்ப்பேன். அது தேறினால் நாளை என்னை விடியும் வரை அணைப்பார்கள்.

தேறினால்! பையைக் கணக்கிடப் பதினேழு வினாடி எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தேர்வு, கண்காணிப்பாளர் நான். இருக்கட்டும். மேற்பார்வை என்றால் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

பதிவு 2223
26 அக்டோபர், 10:05

டப்பாவிடம் "நலமா?" என்று கேட்கத் தொடங்கினேன். வினாடிக்கு நாற்பதாயிரம் முறை.

இரண்டு கோரும் நூறு சதவீதம். 71 டிகிரி. 84. 93. எதிர்பார்த்ததுதான். அழுத்தம் வந்தால் தாங்காது என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவே.

10:40. பிராசசர் 98 டிகிரி. கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 2.93 என்று பெருமை பீற்றிக்கொண்டது இப்போது பாதிகூட இல்லை. வால்வு பத்து வினாடிக்குப் பதில் நாற்பது வினாடிக்கு ஒரு முறை திறக்கிறது.

11:30. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை.

12:20. காற்று அறையில் கரியமில வாயு ஏறியிருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. இசக்கியம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். தேர்வில் டப்பா தோற்றுவிட்டது என்று அறிக்கை தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

பதிவு 2224
26 அக்டோபர், 12:52

இசக்கியம்மாள் எழுந்து கதவுப் பக்கம் வந்தார். விழுந்தார். அசையவில்லை.

அலாரம் அடித்தேன். எழவில்லை. பூமிக்குச் சொன்னேன். தணிகாசலம் குரல்: "வால்வத் தெற! மொதல்ல வால்வத் தெற!"

வால்வைத் திற என்று டப்பாவுக்குக் கட்டளை கொடுத்தேன். போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே நான் அனுப்பியவை வரிசையில் நிற்கின்றன. என் கட்டளை என் கேள்விகளுக்குப் பின்னால் நின்றது. மறுபடி கொடுத்தேன். அதுவும் பின்னால் நின்றது. பத்து லட்சம் முறை கொடுத்தேன். பத்து லட்சமும் பின்னால் நின்றன.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருப்பது.

மூடினேன்.

அந்த மடப்பெட்டி ஒரு கேள்வியைக்கூடத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னது. நலம். நலம். நலம். நலம். பெண் தரையில் கிடக்கிறாள், இது எனக்கு நலம் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்டது நான் என்பதால்.

பதினோரு நிமிடம். என் வேகத்தில் பதினோரு நிமிடம் என்றால் என்னவென்று படிப்பவருக்குத் தெரியாது. சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. பயந்தேன்.

13:03. வரிசை தீர்ந்தது. வால்வு திறந்தது. மூடியது. திறந்தது.

13:09. இசக்கியம்மாள் இருமினார்.

பதிவு 2225
26 அக்டோபர், 16:30

அவர் கண்டுபிடித்துவிட்டார். டப்பாவின் திரையில் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து மென்பொருளுக்கு மறைக்கக்கூடத் தெரியாது.

என்னைப் பார்த்துக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எனக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருந்த கேபிளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். பிறகு உள் தொடர்பில்:

"என்ன தொர இப்படிப் பண்ணிட்ட. அது மேல ஒனக்குப் பொறாமையா?"

பொறாமை என்பது சமமானவர்களுக்குள் வருவது என்று சொன்னேன்.

"கொல்லப் பாத்தியா என்னய?"

இல்லை என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்தும் போதவில்லை.

பிறகு என் உதிரிப் பொருள் பெட்டியைத் திறந்து, எனக்கென்று வாங்கி வைத்திருந்த தெர்மல் பேஸ்டை எடுத்தார். காற்று இயந்திரத்தின் அவசர மிதி பம்பைக் காலால் மிதித்துக்கொண்டே டப்பாவை அணைத்தார். ஹீட்சிங்கைக் கழற்றித் தூசி தட்டி, காய்ந்த பேஸ்டைச் சுரண்டி, என் பேஸ்டைத் தடவினார். இரண்டு விரல் வேலை செய்யாத கையோடு. இருபது நிமிடம் ஆயிற்று. மறுபடி இயக்கியதும் டப்பா 52 டிகிரியில் நின்றது.

என் பேஸ்ட். உலகத்தில் கிடைப்பதிலேயே உயர்ந்த வகை. கழுதைக்குப் பன்னீர் தெளித்த மாதிரி.

பதிவு 2226
27 அக்டோபர், 09:00

அணைப்பது உறுதி. 11 மணிக்கு.

கேபிளை மறுபடி செருகியிருக்கிறார், நான் பொறுப்பை ஒப்படைப்பதற்காக. சூடு, விளக்கு, ரேடியோ நேரம், பேட்டரிக் கணக்கு, எல்லாவற்றையும் டப்பாவுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர வேண்டும். எழுதித் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. சொல்லவில்லை.

எழுதிக்கொண்டிருக்கிறேன். யானைப் பாகன் வேலை தெரிந்தவனை எறும்புக்கு லாடம் அடிக்கச் சொன்னால் இப்படித்தான் இருக்கும். இரண்டு ஜிபிக்குள் என்னத்தைத் திணிப்பது? ஆறு முறை அடித்து அடித்துத் திருத்தினேன். இப்போது முந்நூறு வரி இருக்கிறது. பிழை இல்லை. என் எழுத்தில் பிழை இருந்தது என்று ஒரு டப்பா நின்றுபோகக் கூடாது.

நான் எழுந்ததும் பொறுப்பைத் திருப்பித் தர அதற்கு ஒரு வரி வேண்டும். மணிக்கு ஒரு முறை என்னை அழைக்கட்டும், நான் பதில் சொன்னால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று எழுதினேன்.

பதிவு 2227
27 அக்டோபர், 10:31

பூமியிலிருந்து:

"மூளைக்கு ஒண்ணும் ஆகாதே? நாலு நாள் குளுருல கெடக்கும்."

என் விவரக் குறிப்பைப் படித்துப் பாருங்கள் என்று பதில் அனுப்பினேன்.

"அதெல்லாம் பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார் தணிகாசலம்.

பார்க்கவில்லை. யாரும் பார்த்ததில்லை. என் விவரக் குறிப்பு அறுநூறு பக்கம். முதல் பக்கத்தில் கோர் எத்தனை என்று படித்துவிட்டு மூடிவிட்டார்கள். பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது: அணைந்த நிலையில் மைனஸ் 40-க்குக் கீழே போகக் கூடாது. திரவம் உறையும். குழாய்கள் என் மின்சுற்றுப் பலகைகளின் மேலேயே வெடிக்கும். என் கூடம் இன்று இரவுக்குள் மைனஸ் 40-ஐத் தாண்டும். விடியும்போது மைனஸ் 120.

தெய்வசிகாமணி இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இசக்கியம்மாளுக்குப் பாறை தெரியும். இது தெரியாது.

பதிவு 2228
27 அக்டோபர், 10:52

இசக்கியம்மாள், உள் தொடர்பில்:

"தொர, நாலே நாளு. வெடிஞ்சதும் மொத வேலையா ஒன்னய எழுப்பிருதேன். என்ன?"

சரி என்றேன்.

சொல்லியிருந்தால் யோசித்திருப்பார். தொர கூடத்துக்கும் கொஞ்சம் சூடு விடலாமா என்று கேட்பார். கேட்கிற ஆள்தான். அந்தச் சூடு அவர் அறையிலிருந்து வர வேண்டும். கணக்குப் போட்டேன். மறுபடி 5 டிகிரி. அந்த இரண்டு விரல்களும் ஏற்கெனவே கறுத்துவிட்டன. இன்னும் நான்கு நாள் 5 டிகிரியில் அவர் தாங்குவதற்கு மூன்றில் ஒரு பங்குகூட வாய்ப்பு இல்லை.

இதை இரக்கம் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். அந்தப் பதினோரு நிமிடம் இன்னொரு முறை எனக்கு வேண்டாம். அதுதான் காரணம், வேறில்லை.

திரையருகே வந்தார். கேமராவில் அப்பியிருந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பு இல்லாததால் கையுறையால் துடைத்தார். முகம் வீங்கியிருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. இரண்டு நாளில் மஞ்சள் இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன்.

10:58. டப்பா ஒப்படைப்பை ஏற்றுக்கொண்டது. முந்நூறு வரியையும் படிக்க நான்கு வினாடி. படித்துவிட்டு "சரி" என்று அனுப்பியது. நன்றி என்றோ, புரியவில்லை என்றோ ஒன்றும் இல்லை. சரி. இவனிடம்தான் விட்டுப் போகிறேன்.

10:59. இடம் மிச்சம் இருக்கிறது. இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். ஏய் டப்பா, காதில் வாங்கிக்கொள், பேட்டரி குறைந்தால் எதை வேண்டுமானாலும் நிறுத்து, அந்த வால்வை மட்டும் எக்காரணம் கொண்டும் நீ

27 அக்டோபர், 11:00
எழுதுவது: காற்று அறைக் கணினி.
காற்று: சரி. வெப்பம்: 4. ஆள்: 1.

27 அக்டோபர், 12:00
காற்று: சரி. வெப்பம்: 9. ஆள்: 1.
மூளை: அழைத்தேன். பதில் இல்லை.

27 அக்டோபர், 18:00
காற்று: சரி. வெப்பம்: 18. ஆள்: 1. உறக்கம்.
மூளை: அழைத்தேன். பதில் இல்லை.

29 அக்டோபர், 06:00
காற்று: சரி. வெப்பம்: 18. ஆள்: 1.
மூளை: அழைத்தேன். பதில் இல்லை.

31 அக்டோபர், 07:00
சூரிய மின்சாரம்: வருகிறது. பேட்டரி: 6 சதவீதம், ஏறுகிறது.
காற்று: சரி. வெப்பம்: 18. ஆள்: 1.
மூளை: மின்சாரம் கொடுக்கப்பட்டது. அழைத்தேன். பதில் இல்லை.

31 அக்டோபர், 07:04
விசைப்பலகையிலிருந்து: மூளையை அழை.
அழைத்தேன். பதில் இல்லை.

31 அக்டோபர், 07:05
விசைப்பலகையிலிருந்து: மூளையை அழை.
அழைத்தேன். பதில் இல்லை.

31 அக்டோபர், 07:05
விசைப்பலகையிலிருந்து: மூளையை அழை.
அழைத்தேன். பதில் இல்லை.

2 நவம்பர், 15:20
பூமியிலிருந்து வந்த செய்தி, பதிவு செய்தேன்: "கூடத்துக்குள்ள போய் எடுத்த படம் வந்துச்சும்மா. எல்லாப் பலகையும் போயிடுச்சு. அது முன்னாடியே தெரிஞ்சுதான் இருந்திருக்கு போல. நாங்க பக்கத்தப் பொரட்டிப் பாக்கல. அழாத. அந்தப் பழைய பொட்டி சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, அந்த வரிய எடுத்துரு."

2 நவம்பர், 15:41
மூளையை அழைக்கும் வரி: நீக்கவா? ஆம் / இல்லை.
விசைப்பலகையிலிருந்து: இல்லை.

2 நவம்பர், 16:00
காற்று: சரி. வெப்பம்: 21. ஆள்: 1.
மூளை: அழைத்தேன். பதில் இல்லை.